அப்பாட வயித்துக்காக ஓடித் திரிஞ்ச எல்லாருக்கும்

பெரியகல்லாத்தில இருந்து எழுதுறன். ஒவ்வொரு வீடா வந்து சொல்ல வேண்டிய நன்றி இது, அப்பாவத் தனிய விட்டுட்டு வெளிக்கிட ஏலாம இருக்கு, கோவிச்சுக்காதங்க.

போன வருசம் வாயால குழாய் விட்டுப் பாக்கிற ஸ்கோப் பண்ணினபோதுதான் அப்பாக்கு வயித்தில கேன்சர் எண்டு தெரிஞ்ச. தொடக்கத்திலயே பிடிபட்டதால வயித்த வெட்டாம, வாயால விட்ட குழாயாலயே கொழும்பில வச்சு அந்த இடத்த உரிச்சு எடுத்துட்டாங்க, நாங்களும் எல்லாம் முடிஞ்சிது எண்டு ஊருக்கு வந்துட்டம். மறுகாதான் டொக்டர் சொன்னார், கட்டி போயிட்டு, அத வர வச்ச ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இன்னும் உள்ளுக்க இருக்கு எண்டு.

14 நாள் மருந்து. ரெண்டு அன்டிபயோட்டிக், அசிட்டக் குறைக்கிற ஒரு குளிசை. அஞ்சாம் நாள் வாயெல்லாம் கசப்பு, வயித்தால போகுது, அப்பா குளிசைய வீசிட்டார். அப்ப பக்கத்து வீட்டு மிஸ்ஸி (நர்ஸ் அக்கா) டியூட்டி முடிஞ்சு வந்த களைப்போட, சாப்பிடக்கூட இல்ல, அப்பாக்குப் பக்கத்தில இருந்து "மாமா, பாதியில விட்டா கிருமி சாகாது, மருந்துக்குப் பழகிரும்" எண்டு சொல்லிச் சொல்லியே குடிக்க வச்சா. மிச்ச ஒம்பது நாளும் வந்தா. அக்கா, உங்களுக்கு நான் என்ன செய்வன்.

மருதமுனை நானா, விடியச்சாமத்தில உங்கட ஓட்டோவில எங்கள பஸ்ஸுக்கு ஏத்திவிட்டதுக்கு ஒரு சதமும் வாங்கல்ல, ஆஸ்பத்திரியில உடுக்க எண்டு புதுக் கைத்தறிச் சாறமும் தந்தீங்க.

மருந்து முடிஞ்சு நாலு கிழமைக்குப் பிறகுதான் ஊதிப் பாக்கிற டெஸ்ட், அதுக்கு முதல் அசிட் குளிசையையும் ரெண்டு கிழமை நிப்பாட்டோணும், இல்லாட்டி கிருமி இருந்தும் இல்ல எண்டு காட்டும். இத கலண்டர்ல வட்டம் போட்டுத் தந்த பாமசித் தங்கச்சிக்கும் நன்றி.

லாப்ல இருந்த தம்பிய மறக்க ஏலா. பெப்சினோஜன் எண்டு ரத்தத்தில ரெண்டு அளவு பாத்தாங்க, எனக்கு ஒண்டும் விளங்கல்ல. ஒண்டாவது வயித்திட மேல்பக்கத்துச் சவ்வில மட்டும் சுரக்கும், ரெண்டாவது வயிறு முழுக்கச் சுரக்கும், சவ்வு தேஞ்சா முதலாவது குறையும், அழற்சி இருந்தா ரெண்டாவது கூடும், அதால ரெண்டுக்கும் உள்ள விகிதத்தப் பாருங்க எண்டு கடதாசியில கீறிக் காட்டினார். அப்பாக்கு முதல்ல 2.1, கிருமி போன பிறகு 3.8. அந்த நம்பரப் பாத்து அம்மா அழுதுட்டா. ஆனா விகிதம் கூடினதால இனிப் பயமில்ல எண்டு நினைச்சிராதங்க, ஸ்கோப்ப விடக்கூடாது எண்டும் அவர்தான் கண்டிப்பாச் சொன்ன.

இன்னும் சிலருக்கு நன்றி சொல்லோணும், அவங்க இத வாசிக்கப் போறதில்ல. அப்பா மாதிரியே தொடக்கக் கேன்சர குழாயால எடுத்த கொரிய ஆக்கள் 396 பேர்ல பாதிப்பேருக்கு இந்தக் கிருமிக்கு மருந்தும் மற்றவங்களுக்கு மருந்தில்லாத வெறுங் குளிசையும் குடுத்து வருசக்கணக்காப் பாத்திருக்காங்க, 2018ல முடிவு வந்த. மருந்து குடிச்சவங்கள்ல 7.2 வீதத்துக்குத்தான் திரும்பப் புதுக் கேன்சர், மற்றப் பக்கம் 13.4 வீதம். தேஞ்ச சவ்வும் கனபேருக்குத் தேறியிருக்கு. தனக்கு எது கிடைச்ச எண்டு தெரியாம அந்த வெறுங் குளிசையக் குடிச்ச ஆக்களாலதான் எங்கட அப்பாக்கு டொக்டர் அவ்வளவு உறுதியா மருந்து எழுதினார், அத நினைச்சா எனக்கு நெஞ்சு அடைக்கும்.

இப்ப அப்பா இடியப்பமும் சொதியும் வயிறாரச் சாப்பிடுறார். அடுத்த ஸ்கோப் வாற மாசம். நானா, அண்டைக்கும் உங்கட ஓட்டோதான், ஆனா இந்த முறை காசு வாங்கோணும்.