தபாலகக் காணி: குத்தகை ஆறுதல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

1894இல் கட்டப்பட்ட நுவரெலியா தபாலகத்தை ஹோட்டலாக்கக் கொடுக்கும் யோசனையை எதிர்த்து 2023 நவம்பரில் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அரச கட்டடம் ஒன்று கைமாறும் பேச்சு எழும்போதெல்லாம் "விற்கவில்லை, நீண்டகாலக் குத்தகைதான்" என்று சமாதானம் சொல்கிறார்கள். மலையகத்தில் இந்தச் சமாதானம் எடுபடக் கூடாது.

1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் அரசுடைமையான தோட்டங்கள் 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. பின்னர் அதுவே 53 வருடக் குத்தகையாகி 2045 வரை நீள்கிறது. காணி இன்றும் அரசுக்குத்தான் சொந்தம். ஆனாலும் லயனில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் கொடுப்பதற்கே அந்தத் துண்டைக் கம்பனியிடமிருந்து விடுவித்து, அளந்து, பிறகுதான் காணி உறுதி எழுத வேண்டியிருக்கிறது. சொந்தக் காணிக்காக அரசே குத்தகைக்காரரிடம் போய் நிற்கிறது. தபாலகம் கைமாறினால் நகரத்தின் நடுவிலும் இதே நிலைதான்.

கட்டடத்துக்கு வரும் கேடும் சிறியதல்ல. அக்காலச் செங்கல் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் எழுந்தவை. உள்ளே இறங்கும் ஈரம் சாந்தின் வழியாகவே வெளியேறும். 1,868 மீற்றர் உயரத்தில், வருடத்தில் பல மாதம் மழையும் பனிமூட்டமும் உள்ள ஊரில் இது முக்கியம். ஹோட்டல் என்றால் ஒவ்வொரு அறைக்கும் குளியலறை வேண்டும். அதற்குச் சுவரைத் துளைத்துக் குழாய் போடுவார்கள், மேலே தண்ணீர்த் தாங்கி ஏற்றுவார்கள், ஈரம் தெரியாமலிருக்கச் சீமெந்து பூசுவார்கள். சீமெந்துப் பூச்சு ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். சில வருடங்களில் செங்கல்லின் முகம் பொரிந்து உதிரும். மரச் சட்டங்களின் நுனிகள் சுவருக்குள்ளேயே உக்கும். உள்சுவர்களை இடித்து முகப்பை மட்டும் விட்டுவைப்பதைப் பாதுகாப்பு என்று ஏற்க முடியாது. சுண்ணாம்புச் சாந்தால் மூட்டு நிரப்புவது, பீலிகளைத் துப்புரவாக வைத்திருப்பது, கூரை ஒழுக்கை அடைப்பது ஆகியவையே இத்தகைய கட்டடத்துக்குத் தேவை. தபாலகமாக இருந்துகொண்டே இவற்றைச் செய்யலாம். வருமானம் வேண்டுமென்றால் முத்திரைக் காட்சிக்கூடம் ஒன்றை வைக்கலாம். படம் எடுக்க வரும் பயணிகள் உள்ளேயும் வருவார்கள்.

ஆகவே எந்த ஒப்பந்தத்துக்கும் முன்னர் கட்டடத்தை, அது நிற்கும் முழுக் காணியோடும் சேர்த்து, தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும். கட்டடத்தை மட்டும் குறிப்பிட்டால் பின்வளவில் மாடி எழும்பும்.

உங்கள் வாசகர்களும் ஒரு வேலை செய்யலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தபால் சேவைக்குப் பொறுப்பான அமைச்சின் தகவல் உத்தியோகத்தரிடம் நில அளவைப் படம், அரச விலைமதிப்பு அறிக்கை, குத்தகை வரைவு ஆகிய மூன்றின் பிரதிகளையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். "விபரம் தருக" என்று பொதுவாக எழுதினால் ஒரு பந்தியில் பதில் அனுப்பி முடித்துவிடுவார்கள். காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு அறிவிக்கப்பட வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே அமைச்சில் மேன்முறையீடுகளை விசாரிக்கும் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு செய்யுங்கள். அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். அனுப்பும் கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட்டு, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
நுவரெலியா.