'அப்'புக்கு 'மேலே' போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் 'ஃப்ரேசல் வெர்ப்', அதாவது 'அப்', 'டவுன்' போன்ற சிறுசொல் ஒட்டிய ஆங்கில வினைகளின் பட்டியல் ஒன்று வந்திருந்தது. இடப்பக்கம் ஆங்கில வினை, வலப்பக்கம் ஒரே ஒரு தமிழ்ச் சொல். அதில் பாதி 'அப்' (up) சேர்ந்தவை. அதை அப்படியே உருப்போடும் பிள்ளைகள் தேர்வு முடிந்த கையோடு மறந்துவிடுவார்கள். 'மறந்துவிடுவார்கள்' என்கிறோமே, அந்த 'விடு'வைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

'விடு' தனியாக நின்றால் கையிலிருப்பதை விடுவது. 'மறந்துவிடு' என்னும்போது யாரும் எதையும் கையிலிருந்து விடவில்லை. வினை முழுசாக முடிந்தது என்று காட்ட ஒட்டிக்கொண்ட துணைவினை அது. 'போ', 'தீர்', 'போடு', 'கொள்' எல்லாம் இதே சாதி. ஆங்கிலத்தில் 'அப்' பாதி நேரம் பார்ப்பது இந்த வேலையைத்தான். 'ட்ரிங்க் யுவர் மில்க்' என்றால் பாலைக் குடி. 'ட்ரிங்க் அப் யுவர் மில்க்' என்றால் குடித்துவிடு, டம்ளரில் மிச்சம் வைக்காதே. கிணறு 'ட்ரைட் அப்' என்றால் வற்றிப்போனது. பணத்தை 'யூஸ்ட் அப்' என்றால் செலவழித்துத் தீர்த்தாயிற்று. ஒரு தாளின் ஓரம் கிழிந்திருந்தால் 'டோர்ன்'. செலோடேப் போட்டு ஒட்டிக்கொள்ளலாம். 'டோர்ன் அப்' என்றால் துண்டு துண்டாகக் கிழித்துப் போட்டாயிற்று, குப்பைக்கூடைதான். இவற்றில் எதிலும் மேலே போவது ஒன்றுமில்லை. கிணற்றுத் தண்ணீர் கீழேதான் போகிறது.

ஆகவே பட்டியலைச் சொல்வாரியாகப் போடாமல் துணைவினைவாரியாகப் போட்டால் பாதிச் சுமை குறையும். 'விடு', 'தீர்' ஓரிடம், 'போ' ஓரிடம். சாக்கடை 'ப்ளாக்ட் அப்', மூக்கு 'ஸ்டஃப்ட் அப்' இரண்டுக்கும் அடைத்துக்கொண்டது என்ற 'கொள்'. ஒரு எச்சரிக்கை: இது ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும் ஒருவழிப் பாதை. நம் 'விடு' எந்த வினையோடும் ஒட்டும், 'அப்' அப்படி ஒட்டாது. 'மறந்துவிடு'வைத் திருப்பி 'ஃபர்கெட் அப்' என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். வேறு ஒட்டுகளும் போட்டிக்கு வரும்: காகிதம் 'பர்ன்ட் அப்', வீடோ 'பர்ன்ட் டவுன்'. நமக்கு இரண்டும் எரிந்துபோனதுதான். வீடு எரிந்தால் தரைமட்டமாகச் சரிகிறது, அதனால் அங்கே 'டவுன்'.

வினை முடிந்ததைக் காட்டாத மீதி 'அப்'களில் பெரும்பகுதி இரண்டு வகை. ஒன்று, நெருங்கி வருவது: சமதரையில் ஒருவர் 'கேம் அப் டு மீ' என்றால் என் பக்கத்தில் வந்தார் என்று பொருள். 'கேட்ச் அப்' எட்டிப் பிடிப்பது. இன்னொன்று, கண்ணில் படுவது: காணாமல் போன சாவி 'டர்ன்ட் அப்', வழக்கு திங்களன்று 'கம்ஸ் அப்'. நீதிமன்றச் செய்தியில் இதற்கு 'விசாரணைக்கு வருகிறது' என்பது போதும். 'டைம் இஸ் அப்', 'லீஸ் இஸ் அப்' என்பவை பழையபடி முடிந்துவிட்டது என்ற 'விடு'வின் கணக்கு.

தேர்வில் பிள்ளைகள் சறுக்கும் இடம் சொல்லின் இடம்தான். 'ஹி ரேன் அப் எ ஹில்', 'ஹி ரேன் அப் எ பில்' இரண்டும் பார்வைக்கு ஒன்று. முதலாவதில் மலையேறி ஓடினான், இரண்டாவதில் கடையில் கடனை ஏற்றிக்கொண்டான். பெயரை எடுத்துவிட்டு 'இட்' போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். கடனாக இருந்தால் 'இட்' நடுவில் வந்தாக வேண்டும்: 'ரேன் இட் அப்'. மலையாக இருந்தால் கடைசியில்: 'ரேன் அப் இட்'. 'பிக் அப் இட்' தவறு, 'பிக் இட் அப்' சரி என்பதும் இதே விதிதான். 'பிக் அப் த பேக்', 'பிக் த பேக் அப்' இரண்டும் சரி. பெயர்ச்சொல்லுக்குச் சலுகை உண்டு, 'இட்', 'தெம்' போன்ற பிரதிப்பெயர்களுக்குக் கிடையாது.

செய்தி மேசைக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. 50 ரூபாய் விற்ற பொருள் 'அப் 10 ருபீஸ்' என்றால் இப்போது 60. 'அப் 10 பெர்சென்ட்' என்றால் 55. 'அப் டு 60' என்றால் 60 ஆக உயர்ந்தது என்றும் வரலாம், 60 வரை என்றும் வரலாம். முன்பின் வாக்கியத்தைப் பார்க்காமல் முடிவு செய்ய முடியாது. தள்ளுபடிச் செய்தியில் 'அப் டு 40 பெர்சென்ட்' வந்தால் 'வரை'யை விழுங்கக் கூடாது. வட்டிச் செய்திகளில் இன்னும் மோசம். 2018 ஜூனில் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் குறுகிய காலக் கடனுக்கான ரெப்போ வட்டியை 6 சதவீதத்திலிருந்து 6.25 ஆக்கியது. இது 'அப் 25 பேசிஸ் பாயின்ட்ஸ்' (சதவீதப் புள்ளியில் நூறில் ஒரு பங்கு ஒரு பேசிஸ் பாயின்ட்). இத்தகைய உயர்வைத் தமிழில் '0.25 சதவீதம் உயர்வு' என்று எழுதும் பழக்கம் இருக்கிறது. 6-இல் 0.25 சதவீதம் என்பது 0.015தான், அப்படியானால் வட்டி 6.015 ஆகியிருக்க வேண்டும். '0.25 சதவீதப் புள்ளி' என்று எழுதினால் தகராறு இல்லை.

திசையைக் குறிக்கும்போதுகூட 'அப்' திசைமானியைப் பார்ப்பதில்லை. பிரிட்டனில் லண்டனை நோக்கிப் போகும் தண்டவாளம் 'அப்'. எடின்பரோவிலிருந்து வரைபடத்தில் தெற்கே இறங்கி வரும் ரயில்தான் அங்கே 'அப்' ரயில். இங்கோ பழைய கல்கா மெயில் ரயில், கொல்கத்தாவை ஒட்டிய ஹௌராவை விட்டு விலகிப் போகும்போது '1 அப்', திரும்பும்போது '2 டவுன்'. நம் டாக்ஸிக்காரர் சொல்லும் 'அப் அண்ட் டவுன்' வாடகைக்கு மேடு பள்ளம் எதுவும் தேவையில்லை, போக வர என்பதுதான். இதில் ஆங்கிலேயரைக் கேலி செய்ய நமக்கு வாய் கிடையாது. சூரியன் இறங்கும் பக்கத்துக்கு 'மேற்கு' என்று பெயர் வைத்து, அந்தப் பக்கத் தெருவை மேலத்தெரு என்கிறோம். 'மேல் வலிக்கிறது' என்றால் உடம்பு வலி. 'அவன்மேல் கோபம்', 'இனிமேல்' எல்லாம் எந்த உயரத்தில் இருக்கின்றன?

தமிழுக்குள் குடியேறிய 'அப்'களையும் மாணவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். சிலவற்றுக்கு ஊர் மாறியதும் குணம் மாறிவிட்டது. நம் 'பில்டப்' இல்லாததை ஊதிப் பெரிதாக்குவது. ஆங்கிலத்தில் அது சாதாரணமாக, படிப்படியாகச் சேர்வது. நம் எழுத்தில் 'பேக்கப்' என்றால் படப்பிடிப்பை மூட்டை கட்டுவதும் அதுவே, கணினிக் கோப்புக்கு நகல் எடுப்பதும் அதுவே. ஆங்கிலத்தில் இவை முதல் எழுத்திலேயே வேறுபடுகிற இரு சொற்கள். விண்ணப்பத்தை நாம் 'ஃபில் அப்' செய்கிறோம், பிரிட்டனில் 'ஃபில் இன்', அமெரிக்காவில் 'ஃபில் அவுட்'. கோப்பை மேலதிகாரிக்குப் 'புட் அப்' செய்வது நம் அலுவலக ஆங்கிலம். வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதும்போது 'சப்மிட்' என்றால்தான் புரியும். இவற்றைத் தவறு என்று அடிக்க வேண்டியதில்லை, எங்கே செல்லும் என்று சொன்னால் போதும். 'கோப் அப் வித்' மட்டும் எங்கும் செல்லாது. 'கோப் வித்' என்பதே சரி.

கடைசியாக, அந்தப் பட்டியலின் தலைப்பிலேயே 'அப் டு'வைச் சேர்த்து ஒரே சொல்லாக அச்சிட்டிருந்தீர்கள். நடுவில் இடைவெளி வேண்டும், இரண்டு சொல். கடைப் பலகைகளில் ஒட்டிக் கிடப்பதைப் பார்த்துப் பார்த்து நம் கண் பழகிப்போயிருக்கிறது. அடுத்த பதிப்பில் திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஆங்கிலம் கற்பிப்போரும் மொழிபெயர்ப்போருமாகச் சிலர்,
திருச்சி