கவுண்டரில் குரலை உயர்த்துவதற்கு முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

"விமானம் ரத்தானால் நாலு பேர் சேர்ந்து சத்தம் போட்டால்தான் காரியம் நடக்கும்" என்று சென்ற இதழின் கடிதப் பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். பஸ் ஸ்டாண்டில் அது செல்லுபடியாகலாம். திருச்சி விமான நிலையக் கவுண்டரில் ஆகாது. கும்பகோணத்தில் டிக்கெட் போட்டுத் தரும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், ஏன் ஆகாது என்று சொல்ல விரும்புகிறேன்.

கவுண்டரில் இருக்கும் பெண்ணால் செய்ய முடிந்தவை கொஞ்சம்தான். வேறு விமானத்துக்கு மாற்றித் தரலாம், பணத்தைத் திருப்பித் தரப் பதிவு செய்யலாம், சாப்பாட்டுக்குக் கூப்பன் தரலாம். வராத விமானத்தை வரவழைக்க அவரால் முடியாது. திருச்சிக்குச் சென்னையிலிருந்து வரும் ஏடிஆர் ரக விமானத்தில் 78 இடங்கள். டவுன் பஸ் மாதிரி அதே விமானம்தான் காலையிலிருந்து ஊர் ஊராக நடை அடிக்கிறது. போகியன்று சென்னையில் புகையும் பனியும் சேர்ந்து முதல் நடை தாமதமானால், மாலை நடை வரை அந்தத் தாமதம் கூடவே வரும். "அரை மணி நேரம் தாமதம்" என்று அரை அரை மணியாகத் தள்ளிச் சொல்வது ஏமாற்று வேலை போலத் தோன்றும். வர வேண்டிய விமானம் இன்னொரு ஊரில் எப்போது கிளம்பும் என்பது அவர்களுக்கே தெரியாததால் அப்படிச் சொல்கிறார்கள். ஃப்ளைட்ரேடார்24 செயலியில் விமான எண்ணைப் போட்டால் அது எங்கே இருக்கிறது என்று நாமே பார்த்துக்கொள்ளலாம்.

விமானம் கண்ணெதிரே நின்றாலும் கிளம்பாமல் போவதுண்டு. விமானிகளுக்கும் பணிப்பெண்களுக்கும் வேலை நேர வரம்பு இருக்கிறது. அது முடிந்துவிட்டால் அவர்கள் விமானத்தை எடுக்கக் கூடாது. 2025 டிசம்பர் முதல் வாரத்தில் நாடு முழுவதும் இண்டிகோ நிறுவனத்தின் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தானதற்கு முக்கியக் காரணம், புதிய பணி நேர விதிக்கேற்ப ஆட்களை ஏற்பாடு செய்யாததுதான். அது நிர்வாகத்தின் தவறு. ஆனால் திட்டு வாங்கியது கவுண்டரில் நின்றவர்கள். அவர்களில் பலர் அந்த நிறுவனத்தின் ஊழியர்கள்கூட இல்லை, ஒப்பந்த ஆட்கள்.

இன்னொன்றும் நினைவிருக்கும். 2024 அக்டோபர் 11 அன்று திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம் ஹைட்ராலிக் கோளாறு ஏற்பட்டு இரண்டரை மணி நேரம் நம் தலைக்கு மேல் வட்டமடித்துவிட்டுப் பத்திரமாக இறங்கியது. என்ன செய்வது என்று தெரியாமல் சுற்றியதல்ல அது. நிறைய எரிபொருளோடு இறங்கினால் எடை கூடுதலாக இருக்கும். அந்த ரக விமானத்தில் எரிபொருளை வானிலேயே கொட்டிவிடும் வசதி கிடையாது, பறந்துதான் தீர்க்க வேண்டும்.

சரி, கவுண்டரில் என்ன பேசுவது? முதலில் டிக்கெட்டில் இருக்கும் ஆறெழுத்து பிஎன்ஆர் எண். அடுத்து, எப்போதைக்குள் எங்கே போய்ச் சேர வேண்டும். பிறகு, மாற்று வழியை நாமே சொல்வது: "அம்மா, நாளைக் காலைக்குள் சென்னை போயாகணும். இன்னைக்கு ராத்திரி விமானத்தில் ரெண்டு இடம் இருக்கான்னு பாருங்க. இல்லேன்னா பெங்களூரு வழியா போட்டுக் கொடுத்தாலும் சரி." இவ்வளவுதான். நமக்குப் பின்னால் எழுபது பேர் நிற்கிறார்கள். காலியாக இருப்பது ஐந்தாறு இடம். முழுக் கதையையும் சொல்லி முடிப்பதற்குள் அது போய்விடும். குடும்பத்தில் ஒருவர் வரிசையில் நிற்க, இன்னொருவர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணுக்குப் பேச, மூன்றாமவர் நிறுவனத்தின் செயலியில் பார்க்கலாம். எது முதலில் கிடைக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

செயலியில் ஒரு கண்ணி இருக்கிறது. நிறுவனம் ரத்தை அறிவிப்பதற்கு முன்பே நாமாக அவசரப்பட்டு ரத்து செய்தால் அது நம் விருப்பத்தில் செய்த ரத்து. பிடித்தம் போக மிச்சம்தான் வரும். ரத்து என்று குறுஞ்செய்தி வந்த பின் அதில் உள்ள இணைப்பு வழியாகவே போக வேண்டும். பணத்தை வாங்கிக்கொண்டால் மாற்று விமானம், தங்குமிடம் எதையும் கேட்க முடியாது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். சென்னை வரை மட்டும் போகிறவர் பணத்தை வாங்கிக்கொள்வதே மேல். 330 கிலோமீட்டர்தானே. சார்ட் போட்ட பிறகு மிச்சமிருக்கும் இடங்களுக்கு ரயிலில் கரண்ட் புக்கிங் உண்டு. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் கிடைக்காவிட்டால் தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் வழியாகப் போகும் உழவன் எக்ஸ்பிரஸில் பார்க்கலாம்.

உரிமைகளையும் தொகையோடு தெரிந்துவைத்துக்கொண்டால் குரலை உயர்த்தத் தேவையிருக்காது. விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதிப்படி, பறக்கும் நேரம் இரண்டரை மணிக்குள் உள்ள விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சாப்பாடோ சிற்றுண்டியோ தர வேண்டும். இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே கிளம்ப வேண்டியது ஆறு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனால் ஓட்டலில் தங்க வைக்க வேண்டும். திருச்சியிலிருந்து இரவில் கிளம்புகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. 24 மணி நேரம் முன்பாகத் தகவல் தராமல் ரத்து செய்தால் பயண நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500 அல்லது 10,000 ரூபாய். அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை அதைவிடக் குறைவென்றால் அந்தத் தொகை. புயல், பனிமூட்டம் என்றால் இந்த இழப்பீடு கிடையாது. 2023-இல் மிக்ஜாம், 2024-இல் ஃபெஞ்சல் புயல்களின்போது சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள். அப்படிப்பட்ட நாளில் இழப்பீட்டுக்கு வாதாடுவது வீண், அடுத்த விமானத்தில் இடம் கேட்பதே புத்திசாலித்தனம்.

வெளிநாட்டு விமானம் ரத்தானால் பொறுமை இரட்டிப்பாக வேண்டும். குடியேற்றப் பிரிவைக் கடந்து உள்ளே போய்விட்டவரை நினைத்தபடி வெளியே விட மாட்டார்கள். பாஸ்போர்ட்டில் குத்திய புறப்பாட்டு முத்திரையை ரத்து செய்ய வேண்டும், டூட்டி ஃப்ரீயில் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும், விமானத்தில் ஏற்றிய பெட்டிகளை இறக்க வேண்டும். ஊழியர் ஒருவர் கூட்டமாக அழைத்துப் போவார்; எளிதில் இரண்டு மணி நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் வெளியே நிற்கும் நம் வேன், அதுதான் மன்னார்குடியிலிருந்தும் மயிலாடுதுறையிலிருந்தும் ஒருவரை வழியனுப்பப் பன்னிரண்டு பேர் வரும் வேன், ஆளாளுக்குப் போன் போட்டு "என்னாச்சு, ஏன் இன்னும் வரலே, அங்கே யாரும் கேக்க மாட்டாங்களா" என்று ஏற்றிவிடும். உள்ளே இருப்பவரின் பொறுமையைப் பாதி கெடுப்பது இந்தப் போன்கள்தான். வேனில் ஒருவர் மட்டும் பேசட்டும். விமானம் மேலே ஏறும் வரை வேனைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

தேதி மாறினால் சிங்கப்பூர், மலேசியா போகிறவர்கள் தாங்கள் ஏற்கெனவே ஆன்லைனில் நிரப்பிய வருகை அட்டையையும் பார்க்க வேண்டும். இரண்டையும் வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும், பழைய தேதியோடு போய் நிற்கக் கூடாது. வளைகுடா வேலைக்குப் போகிறவர் விசா நுழைவுத் தேதி எப்போது முடிகிறது என்று பார்த்து, அழைத்துக்கொள்ள வரும் கம்பெனிக்காரருக்கும் உடனே செய்தி அனுப்பிவிடட்டும்.

திருச்சி–சென்னை ஒரு டிக்கெட், சென்னை–வெளிநாடு தனி டிக்கெட் என்று மலிவாகப் போட்டவர்களுக்குத்தான் பெரிய அடி. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பே கிடையாது. ஒரே பிஎன்ஆரில் இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றுவது அவர்கள் வேலை. இரண்டாயிரம் மிச்சம் பிடித்து முப்பதாயிரத்தை விட்டுவிட்டுக் கவுண்டரில் சண்டை போடுகிறவர்களை யார் சமாதானப்படுத்துவது?

விமானத்துக்குள் போடும் சண்டைக்கோ விலை உண்டு. 2017-இல் வந்த விதிப்படி வாய்ச் சண்டைக்கு மூன்று மாதம் வரை, கை நீட்டினால் ஆறு மாதம் வரை பறக்கத் தடை. வேலைக்குத் திரும்ப வேண்டியவருக்கு மூன்று மாதம் என்றால் வேலையே போய்விடும்.

மனக்குறையை எழுத்தில் வையுங்கள். முதலில் நிறுவனத்துக்கு, பதில் சரியில்லை என்றால் விமானப் பயணிகளின் புகாருக்கான அரசின் ஏர்சேவா தளத்தில். எந்த நேரத்தில் என்ன அறிவித்தார்கள், என்ன கேட்டோம், என்ன பதில் வந்தது என்ற நான்கு வரி போதும். போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாதீர்கள். பெட்டியின் பத்து இலக்க எண் அதன் பின்னால்தான் ஒட்டியிருக்கும். வெளிநாட்டுப் பயணத்தில் பெட்டி உடைந்தால் ஏழு நாளைக்குள்ளும், தாமதமாக வந்தால் கைக்கு வந்த 21 நாளைக்குள்ளும் எழுத்தில் புகார் போக வேண்டும்.

கடைசியாக, என் தொழில்காரர்களுக்கு. டிக்கெட் போடும்போது பயணியின் எண்ணுக்குப் பதில் நம் கடை எண்ணைப் போட்டுவிடுகிறோம். ரத்துச் செய்தி இரவு பதினொரு மணிக்கு மூடிய கடையின் போனுக்கு வருகிறது, பயணி விடிகாலை வேனில் கிளம்பிவிடுகிறார். சரியான தொடர்பு எண் தராத பயணிக்கு இழப்பீடு இல்லை என்றும் விதியில் இருக்கிறது. தொடர்பு எண் கேட்கும் கட்டத்தில் பயணியின் வாட்ஸ்ஆப் எண்ணைப் போடுங்கள்.

தங்கள் வாசகர்,
கும்பகோணம்.