யூஜின் புல்லர்டின் போருக்கு முந்தைய ஆண்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதல் உலகப் போரின் விமானிகளைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். போர் விமானம் ஓட்டிய முதல் கறுப்பின அமெரிக்கரான யூஜின் புல்லர்டுக்கு அதில் இடம் கொடுத்திருப்பது மகிழ்ச்சி அளிக்கிறது. ஆனால் கட்டுரை பிரான்சின் வெர்டன் போர்க்களத்தில் அவர் காயம்பட்டதிலிருந்து தொடங்குகிறது. அதற்கு முந்தைய வாழ்க்கை, வறுமையில் வளர்ந்து பிரான்சுக்குச் சென்றார் என்ற அளவில் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. ஓர் அமெரிக்கர் ஏன் பிரெஞ்சுச் சீருடையில் பறந்தார் என்பதற்கான விடை அந்த ஒரு வரிக்குள்தான் அடங்கியிருக்கிறது.

அவர் 1895 அக்டோபரில் ஜார்ஜியா மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் பிறந்தார். கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்து வைப்பது சட்டப்படி செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது அதற்கு அடுத்த ஆண்டில். தந்தை வில்லியம் பருத்தி மூட்டை ஏற்றி இறக்கும் தொழிலாளி; தாய் ஜோசஃபின் பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும்போதே இறந்துவிட்டார். தந்தையை ஒரு வெள்ளை மேற்பார்வையாளர் தாக்க, அவர் திருப்பி அடித்துவிட்டார். அன்றிரவு குடிபோதையில் ஒரு கும்பல் வீட்டு வாசலுக்கு வந்ததையும், வீட்டில் ஆளே இல்லை என்று நினைத்து அது கலைந்து போகும்வரை இருட்டில் மூச்சுக் காட்டாமல் தாங்கள் ஒடுங்கிக் கிடந்ததையும் புல்லர்ட் முதுமையில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் விவரித்திருக்கிறார். அந்தக் காலத்து ஜார்ஜியாவில் அப்படிப்பட்ட கும்பலின் கையில் சிக்கியவர் உயிரோடு மீள்வது அரிது. தந்தை சில காலம் ஊரை விட்டே விலகியிருக்க நேர்ந்தது.

பிரான்சில் தோலின் நிறத்தைப் பார்த்து மனிதரை நடத்துவதில்லை என்று அந்தத் தந்தை சொன்னதை மகன் இறுகப் பற்றிக்கொண்டார். பதினொரு வயதளவில் வீட்டை விட்டு ஓடியவர், இங்கிலாந்திலிருந்து வந்து ஜார்ஜியாவில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு நாடோடிக் குடும்பத்துடன் சேர்ந்து குதிரைகளைப் பராமரிக்கவும் பந்தயத்தில் ஓட்டவும் கற்றார். கடலுக்கு அப்பால் பிரிட்டனிலும் அமெரிக்காவில் உள்ளது போன்ற நிறப் பாகுபாட்டுச் சட்டங்கள் இல்லை என்று அவர்கள்தான் அவருக்குச் சொன்னார்கள். இந்த ஆண்டுகளைச் சாகசம் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கையில் காசில்லாத ஒரு சிறுவன் கிடைத்த வேலையையெல்லாம் செய்துகொண்டு, போக வேண்டிய திசையை மட்டும் மாற்றிக்கொள்ளாமல், ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பொறுமையே அதில் எனக்குத் தெரிகிறது.

1912-இல் வர்ஜீனியாவின் நார்ஃபோக் துறைமுகத்தில் ஜெர்மன் சரக்குக் கப்பல் ஒன்றில் திருட்டுத்தனமாக ஏறி, ஸ்காட்லாந்தின் அபர்டீனில் இறங்கினார். கிளாஸ்கோவில் தெருவில் பாடி ஆடிப் பிழைத்தார். லிவர்பூலில் துறைமுகக் கூலி வேலை. அதோடு, கேளிக்கைப் பூங்காவில் துணித் திரையின் ஓட்டைக்குள் தலையை நீட்டி, காசு கொடுத்தவர்கள் எறியும் பந்துகளுக்கு இலக்காக நிற்கும் வேலை. அங்கேதான் குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடத்தில் நுழைந்தார். 'டிக்ஸி கிட்' என்ற பெயரில் புகழ்பெற்றிருந்த குத்துச்சண்டை வீரர் ஏரன் பிரௌன் அவரைத் தம்மோடு லண்டனுக்கு அழைத்துச் சென்றார். 1913 நவம்பரில் பாரிசில் ஒரு போட்டிக்கு மேடையேறியபோதுதான், சிறு வயதிலிருந்து நினைத்துக்கொண்டிருந்த நாட்டை அவர் கண்ணால் கண்டார். அடுத்த ஆண்டு அங்கேயே குடியேறினார். போர் மூண்டதும், 1914 அக்டோபரில், பத்தொன்பது வயது நிறைந்த சில நாட்களிலேயே பிரெஞ்சு வெளிநாட்டுப் படையணியில் சேர்ந்தார்.

வெர்டனில் காயம்பட்ட பிறகு 1917 மே மாதம் விமானி உரிமம் பெற்றவர், அமெரிக்காவும் போரில் இறங்கியிருந்ததால் அந்நாட்டு விமானப் பிரிவுக்கு மாற விண்ணப்பித்தார். மருத்துவப் பரிசோதனையில் தேறியும் அவரை எடுத்துக்கொள்ளவில்லை. கட்டுரையாளர் இதை வியப்புடன் குறிப்பிடுகிறார். கொலம்பஸ் வீட்டின் அந்த இரவையும் சேர்த்துச் சொல்லியிருந்தால், அவர் எந்த நாட்டிடம் விண்ணப்பித்தார் என்பது வாசகருக்கு விளங்கியிருக்கும்.

கட்டுரையை நூலாகத் தொகுக்கும் எண்ணம் இருந்தால், புல்லர்டின் பகுதியை 1895-இலிருந்து தொடங்குமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மதுரை.