வலையில் ஏறும் ஆழ்கடல் இறால்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆழ்கடல் ஆய்வு என்றால் இனிமேல்தான் தொடங்கப்போகிறது என்பது போலவே பலரும் பேசுகிறார்கள். ஆங்கிலேயர் காலத்தில் நம் கடல்களை அளந்து ஆய்ந்த 'இன்வெஸ்டிகேட்டர்' கப்பலை மறந்தாயிற்று. 1888 முதல் 1892 வரை அதில் மருத்துவராகவும் இயற்கையியலாளராகவும் இருந்த ஆல்ஃபிரட் அல்காக், நம் கடல்களின் ஆழத்தில் அள்ளிய இறால்களை விவரித்து 1901இல் ஒரு பெரும் பட்டியலே வெளியிட்டார். ஆழ்கடல் இறால் ஒன்று நீல ஒளியைக் கக்க, வாளித் தண்ணீரில் கிடந்ததெல்லாம் பளிச்செனத் தெரிந்ததாம். அதையும் எழுதி வைத்திருக்கிறார், மனிதர்!

அவர் பெயர் சூட்டிய ஹெட்டிரோகார்பஸ் உட்மேசோனி என்ற ஆழ்கடல் இறால், இன்று கொல்லம், தூத்துக்குடி விசைப்படகுகளின் இழுவலையில் வருகிறது. செக்கச்செவேல் என்று இருக்கும். கொம்பு நீளம். முதுகு வளைவில் ஒரு முள் தனியே நிமிர்ந்து நிற்கும், கவனிக்காமல் அள்ளினால் கையைப் பதம் பார்த்துவிடும். பெட்டை இறால் முட்டைகளை வயிற்றுக்கடியில் சுமந்தே திரியும். வலையில் சிக்கினால் அத்தனையும் போச்சு.

சரி, இந்த இனங்களைப் படத்தோடு தமிழில் விளக்கும் பலகைகளை மீன்வளத்துறை ஏலக்கூடங்களில் வைக்கலாமே? முட்டை இறால் அதிகம் வரும் மாதங்களையும் அதிலேயே குறிப்பிட்டால் படகுக்காரர்களுக்கு உதவும்.

– ஒரு வாசகர், தூத்துக்குடி