நெடுஞ்சாலை ஓரத்துப் பெயர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த அமெரிக்கப் பயணக் கட்டுரையைப் படித்தேன். நயாகரா இருந்தது, சுதந்திர தேவி சிலை இருந்தது. இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் சாலைகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வர்ஜீனியாவில் மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் வேலை. சின்ன ஊர்களுக்கெல்லாம் காரில்தான் போக வேண்டும். போகும் வழியில், அந்தந்த இடத்தின் வரலாற்றைச் சொல்லும் வார்ப்பு அலுமினியப் பலகைகள் கம்பத்தின் மேல் நிற்கும். வெள்ளி நிறத்தில் கறுப்பு எழுத்து, உச்சியில் மாநில முத்திரை. எழுத்துகள் புடைத்திருப்பதால், பெயின்ட் உதிர்ந்த பழைய பலகையைக்கூட விரலால் தடவிப் படித்துவிடலாம். 1927-இல் தொடங்கிய ஏற்பாடு இது. இன்று இந்த மாநிலத்தில் மட்டும் 2,600-க்கும் மேல் இருக்கின்றன. ஒரு பலகைக்குச் சுமார் நூறு சொற்கள்தான் இடம்.

ஃபார்ம்வில் என்ற ஊரில் பழைய மோட்டன் பள்ளியின் முன்னால் அப்படி ஒன்று உண்டு. கறுப்பினப் பிள்ளைகளுக்கான பள்ளி அது. இடம் போதாமல் தார் அட்டைக் கொட்டகைகளில் வகுப்பு நடந்தது. மழை வந்தால் ஒழுகும். 1951 ஏப்ரல் 23 அன்று, தலைமையாசிரியரைத் தந்திரமாக வெளியே அனுப்பிவிட்டு, 16 வயது பார்பரா ஜான்ஸ் மாணவர்களை அரங்கில் கூட்டி வேலைநிறுத்தம் செய்ய வைத்தாள். அதிலிருந்து பிறந்த வழக்கு, 1954-இல் பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில் ஒரு பகுதியானது. அந்த மாவட்ட நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? தீர்ப்புக்குப் பணிவதைவிடப் பூட்டுவதே மேல் என்று 1959 முதல் 1964 வரை அரசுப் பள்ளிகள் அத்தனையையும் மூடிவிட்டது. ஐந்து வருடம்! ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் அது எவ்வளவு பெரிய துண்டு.

இந்தப் பலகைகளை அரசாங்கம் தானாகவே கொண்டுவந்து நடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. உள்ளூர்க்காரர்களோ ஒரு சங்கமோ விண்ணப்பம் எழுதி, ஆதாரம் கொடுத்து, செலவையும் ஏற்க வேண்டும். மாநில வாரியம் சரிபார்த்து அனுமதிக்கும். உயிரோடு இருப்பவர்களுக்குப் பலகை கிடையாது. நிகழ்ச்சி நடந்து 50 ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும். ஆதாரம் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பக்கத்து மேரிலாந்தில் ஹாரியட் டப்மன் பற்றிய ஒரு பழைய பலகை, அவர் முந்நூறு அடிமைகளை மீட்டார் என்கிறது. பின்னால் வந்த ஆராய்ச்சியோ, சுமார் 13 பயணங்களில் 70 பேர் அளவில் என்று சொல்கிறது. எழுபது பேர் என்றாலும் அந்த வீரம் இம்மியும் குறையாது. ஆனால் உலோகத்தில் வார்த்துவிட்ட தவறு பல தலைமுறைக்குப் பேசும்.

மிசிசிப்பியில் 1955-இல் இனவெறியால் கொல்லப்பட்ட 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில்லின் உடல் கிடைத்த ஆற்றங்கரையில் 2008-இல் ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். அதைப் பிடுங்கி எறிந்தார்கள். மறுபடி வைத்ததைத் துப்பாக்கியால் சல்லடையாக்கினார்கள். அதற்கடுத்த பலகையையும் சுட்டார்கள். 2019-இல் 200 கிலோவுக்கும் மேல் எடையுள்ள, குண்டு துளைக்காத எஃகுப் பலகை வந்தது. வெறும் தகரத்துக்கு யாராவது இத்தனை தோட்டாவைச் செலவழிப்பார்களா?

சரி, நமக்கு இதில் என்ன? சில வருடங்களுக்கு முன் வர்ஜீனியா, ஆசிய அமெரிக்கர் வரலாற்றில் யாருக்குப் பலகை வைக்கலாம் என்று பள்ளிப் பிள்ளைகளிடமே கேட்டது. அப்படி வந்த பெயர்களில் ஒருவர், இங்கே ரோனோக் கல்லூரியில் படித்த கொரிய விடுதலைத் தலைவர் கிம் கியூசிக். கொரியர்களின் ஒரு பெயர் இந்த மாநிலத்துச் சாலைக்கு வந்தது இப்படித்தான்.

1965-இல் குடியேற்றச் சட்டம் மாறிய பிறகு இந்திய மருத்துவர்கள் நிறையப் பேர் வந்தார்கள். உள்ளூர் டாக்டர்கள் போகத் தயங்கிய சிற்றூர்களில் வேலை பார்த்தவர்கள் அவர்களில் உண்டு. நான் போகும் மருத்துவமனைகளில், "எங்களுக்குப் பிரசவம் பார்த்தது ஒரு இந்திய டாக்டர்" என்று சொல்லும் வயதான அம்மாக்களைப் பார்க்கிறேன். அந்தத் தலைமுறை மறைந்து வருகிறது. அவர்களுடைய கடிதங்களும் பணிநியமன ஆணைகளும் பிள்ளைகளின் வீட்டு அட்டைப்பெட்டிகளில் கிடக்கின்றன. வீடு மாறும்போது அவை குப்பைக்குப் போய்விடும். அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவுக்கு எடுக்கும் சிரத்தையில் கால் பங்கை இதற்கு எடுத்தால் போதும். முதலில் அந்தக் காகிதங்களை ஸ்கேன் செய்து வைக்கட்டும், அப்புறம் ஊர்க்காரர்களையும் சேர்த்துக்கொண்டு விண்ணப்பம் போடட்டும். உங்கள் இதழும் அந்த டாக்டர்களில் சிலரைத் தேடிப்பிடித்து, இருக்கும்போதே பேட்டி எடுத்து வெளியிடுமா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ரிச்மண்ட், வர்ஜீனியா