சல்லரியோடு வா

அன்பின் மச்சான்,

நாங்கள் நலம். நீ கேட்ட கசுக்கொட்டையை உன் தங்கையிடம் கொடுத்துவிட்டேன். கனடாக் குளிரைப் பற்றி இனி ஒரு வரியும் எழுதாதே, வாசித்துக் களைத்துவிட்டேன்.

நமக்குக் கூத்துப் பழக்கிய அண்ணாவியார் இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார். மறதிநோய். மகனைப் பார்த்தே "தம்பி எந்த ஊர்?" என்கிறார். போன கிழமை மத்தளத்தோடு போய் அவர் பழக்கிய வடமோடிக் கூத்துப் பாட்டு, ஒரு தரு, பாடினேன். முதலில் சுவரையே பார்த்திருந்தார். வேகத்தைக் குறைத்து அதே அடியைத் திரும்ப எடுத்தேன். கதிரைக் கைப்பிடியில் சுட்டுவிரல் தட்டத் தொடங்கியது. மத்தளக்காரப் பையன் ஒரு தட்டைத் தவறவிட்டதும் முகத்தைச் சுளித்தார் பார், உன்னைக் கூத்துக் களரியிலிருந்து இறக்கிவிட்ட அதே சுளிப்பு! பிறகு பிற்பாட்டை அவரே எடுத்தார், சொல் பிசகாமல்.

கூத்துப்பாட்டு இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. ஒருவர் அடியெடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாடுவதால், தானாகத் தொடங்க முடியாதவரும் சேர்ந்துகொள்கிறார். பாடுகிறவன் கேட்பவர் முகம் பார்த்து நிறுத்தலாம், காத்திருக்கலாம். ரேடியோ யாருக்காகவும் நிற்காது. இல்லத்தில் காலை முதல் இரவு வரை தொலைக்காட்சி அலறுகிறது. அந்தச் சத்தமே அங்கிருக்கும் முதியவர்களைக் குழப்புகிறது என்று சொன்னால், பொறுப்பாளர் சிரித்துவிட்டுப் போகிறார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

இசை நோயை மாற்றாது, அது தெரியும். மறதிநோய்க்கு இசை பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட 2018 கொக்ரேன் மதிப்பாய்வை மகள் காட்டினாள்; மனச்சோர்வும் நடத்தைச் சிக்கல்களும் குறையக்கூடும் என்றுதான் அது சொல்கிறது. குறைந்தது ஐந்து அமர்வுகளாவது நடந்த ஆய்வுகளையே அதில் சேர்த்திருக்கிறார்கள். தீபாவளிக்கு வந்து பாடிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இதை யார் சொல்வது? கிழமைதோறும் போக வேண்டும், மச்சான்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். ஒப்பாரிச் சாயலில் ஒரு பாட்டு வந்ததும் மூலையிலிருந்த ஆச்சி மகனைப் பெயர் சொல்லி அழைக்கத் தொடங்கினார். 1990இல் இந்தப் பக்கம் நடந்த போர்க் கொடுமைகளைக் கண்டவர்கள் இவர்கள். உடனே நிறுத்தி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். எந்தப் பாட்டு யாருக்கு ஆகாது என்று உறவினரிடம் கேட்டு எழுதி வருகிறேன்.

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு வருகிறாய்தானே? உன் சல்லரித் தாளத்தை மறக்காதே. அம்மனைக் குளிரவைக்கும் குளிர்த்திப் பாடல் தெரிந்த ஆச்சிமார் இல்லத்தில் பலர் உண்டு, நீ தாளம் பிடித்தால் பாடுவார்கள். வரும் திகதியை உடனே எழுது, இல்லத்தில் நேரம் கேட்டு வைக்க வேண்டும்.

அன்புடன்,
உன் மச்சான்
களுவாஞ்சிகுடி